கழுத்தருகே கேட்ட சொல்

மொன்றியலுக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு பேருந்துச் சாரதி என்னைச் சரணடைந்தவன் என்று அழைத்தார். நகரின் லாசால் பகுதியில் இறங்க வேண்டியிருந்தது. இடம் தெரியாததால், தரிப்பு வந்ததும் சொல்லும்படி ஒரு கடதாசியில் எழுதி அவரிடம் காட்டியிருந்தேன். தரிப்பு வந்ததும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ‘வூஸெத் ராந்த்யு, மிஸ்யே’ என்றார். கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்த மாதங்களில் நான் பிரெஞ்சு படித்த பாடநூலில், ‘ராந்த்யு’ என்பதற்கு நேரே ‘சரணடைந்தவர்’ என்றுதான் இருந்தது. நான் இருக்கையை விட்டு எழவில்லை. மடியில் இருந்த என் கைகள் மட்டும் தாமாகவே எழுந்து, எல்லோருக்கும் தெரியும்படி முன்னிருக்கையின் கம்பியைப் பற்றிக்கொண்டன. சாரதி சிரித்தபடி மறுபடியும் அதையே சொன்னார். பக்கத்தில் இருந்த ஹெயிட்டி நாட்டுப் பெண் கதவைக் காட்டினார். இந்த ஊர்ப் பிரெஞ்சில் அதற்கு ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று பொருள் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது பகிடியாகத் தோன்றலாம். நானும் பல வருடங்கள் இதைப் பகிடியாகவே சொல்லித் திரிந்தேன். கால் ஒரு நாளில் குடிபெயர்ந்துவிடுகிறது. நாக்குக்கு ஓரிரு வருடம் போதும். காதுதான் கடைசிவரை ஊரிலேயே இருந்துகொண்டு அடம்பிடிக்கிறது என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். பிறகு அன்ரன் அண்ணையோடு ரைமுண்டோவின் மண்டபத்துக்குப் போனேன். அதன் பின் அந்தப் பகிடியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்ரன் அண்ணை மன்னார்க்காரர். லாசாலில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில், மனைவி றீற்றாவோடும் ஆறு வயது மகள் ஷெரினோடும் இருந்தார். துறைமுகத்தின் கிழக்குப் பக்கம், கொள்கலன்களிலிருந்து பொருள் இறக்கும் களஞ்சியமொன்றில் அவருக்கு வேலை. ஊரில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு நான்கு மாதம் ஒரு முகாமில் வைக்கப்பட்டிருந்தவர். அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவர் கதைப்பதில்லை. ஆனால் அவருடைய முதுகுக்கு அது மறக்கவில்லை. ஒரு மாலை ஷெரின் பின்னாலிருந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, திரும்பிப் பாராமலே அவளைத் தூக்கி எறிந்துவிட்டார். பிள்ளையின் முழங்கை விலகிவிட்டது. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் கேட்ட கேள்விகளுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன்; அக்காலத்தில் நான் ஒரு குடியேறிகள் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ‘வேண்டுமென்று செய்தீர்களா?’ என்று அந்தப் பெண் கேட்டார். ‘என்ர கை செய்தது, நான் செய்யேல்லை’ என்றார் அன்ரன் அண்ணை. அதை எப்படி மொழிபெயர்த்தாலும் அது குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலவே ஒலித்தது. கட்டு அவிழ்த்த பிறகும் ஷெரின் தகப்பனிடம் போவதென்றால் அறையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாகவே போனாள். அந்தச் சுற்றுப் பாதையைப் பார்க்கப் பார்க்கத்தான் அன்ரன் அண்ணை ரைமுண்டோவின் அழைப்புக்கு இணங்கினார் என்று நினைக்கிறேன்.

ரைமுண்டோ அதே களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். வயது அறுபதை எட்டியிருந்தது. காதுகள் இரண்டும் நசுங்கி, உலர்ந்த காளானைப் போல இருந்தன. பிரேசிலின் தென்கோடியில் ஒரு துறைமுக நகரத்தில் பிறந்தவர். கப்பல் மூட்டை சுமந்த குடும்பம். அங்கே மருந்துக்கடை ஒன்றின் பின்னறையில் கடைக்காரரே நடத்திய பயிற்சிக் கூடத்தில் ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டையைக் கற்று, கறுப்புப் பட்டி பெற்று, ஏழு வருடங்கள் தோல்வியே காணாமல் மேடையேறியவர். அவை ‘எதுவும் செல்லும்’ என்ற பெயரில், கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் நடந்த சண்டைகள். ஊரில் அவரைப் பார்த்தால் கடைக்காரர்கள் கோப்பிக்குக் காசு வாங்கமாட்டார்களாம். மொன்றியலில் அவரை எவருக்கும் தெரியாது. வார நாட்களில் பெட்டி அடுக்கினார். சனிக்கிழமை காலையில், லாசாலில் ஒரு வாகன ரயர்க் கடைக்கு மேலிருந்த மண்டபத்தில் பாய் விரித்துக் கற்றுக்கொடுத்தார். அன்ரன் அண்ணை பின்னால் காலடி கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வதை அவர் வேலைத்தலத்தில் கவனித்திருக்கிறார். ‘கழுத்துக்குப் பயப்படுகிறவன் கழுத்தைக் கொண்டுவரட்டும்’ என்று சொல்லி அனுப்பினார். அன்ரன் அண்ணைக்குப் பிரெஞ்சு போதாது என்பதால் நானும் கூடப் போனேன்.

அந்த மண்டபத்தில் முதல் வகுப்பில் எவருக்கும் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. விடத்தான் கற்றுக்கொடுப்பார்கள். பிடிபட்டவர் உள்ளங்கையால் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ தட்ட வேண்டும். தட்டு விழுந்த கணமே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். அதற்கு ரைமுண்டோவிடம் ஒரு சொல் இருந்தது. ‘ஸோல்தா!’ அவருடைய மொழியில் ‘விடு’ என்று பொருள். யாராவது தட்டினால், பாயில் இருக்கும் எல்லோரும் தம் வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சொல்லை உரக்கக் கத்துவார்கள். இது வேறெங்கும் இல்லாத வழக்கம் என்று லுக் என்ற உள்ளூர் மின்வேலைக்காரர் எனக்குச் சொன்னார். நான் அன்ரன் அண்ணைக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டும் பிடிக்கு அவர்கள் மொழியில் ‘சிங்கக்கொல்லி’ என்று பெயர் என்றேன்.

‘பேர் நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி, என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அந்தப் பேரை வெளியில சொல்லிப்போடாதேங்கோ’ என்றார் அவர். சிங்கக்கொடி நாட்டிலிருந்து வந்த இருவரும் சிரித்தோம்.

அன்ரன் அண்ணையின் கழுத்தை லுக் மெதுவாகத்தான் பிடித்தார். அதை நான் பார்த்தேன். அன்ரன் அண்ணை தட்டவில்லை. முகம் சிவந்து, நீலமாகி, கண்கள் எதிர்ச் சுவரில் குத்திநின்றன. கை மட்டும் தொடையோடு ஒட்டியே கிடந்தது. ரைமுண்டோ பாய்ந்து வந்து, ‘ஸோல்தா! ஸோல்தா!’ என்று லுக்கைப் பார்த்துக் கத்தினார். மண்டபம் முழுவதும் கத்தியது. லுக் கையை எடுத்தபோது அன்ரன் அண்ணை நினைவிழந்து சரிந்தார். சில நொடிகளில் கண் திறந்து, என்னைத் தேடிப் பார்த்து, தமிழில் தாழ்ந்த குரலில் கேட்டார்: ‘நான் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?’

‘என்ன சொல்கிறார்?’ என்று ரைமுண்டோ கேட்டார். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ‘சுகமாக இருப்பதாகச் சொல்கிறார்’ என்றேன். மொழிபெயர்ப்பாளனாக நான் அறிந்து சொன்ன முதல் பொய் அது.

பேருந்தில் வரும்போது அன்ரன் அண்ணை விளக்கினார். முகாமில் அவரை விசாரித்தவர்களுக்குத் தெரிந்த தமிழ் மிகச் சொற்பம். பின்னாலிருந்து கழுத்தை நெரித்துக்கொண்டு ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கத்துவார்களாம்: ‘சொல்லடா!’ ஸோல்தாவின் பொருள் அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் சொன்னது நினைவிலும் இருந்தது. ‘ஆனா கழுத்தில கை விழுந்த உடன அது தமிழாய்க் கேக்குது, தம்பி. நான் என்ன செய்ய? சொல்லடா எண்டால் நான் வாயைப் பூட்டுவன். கையையும் பூட்டுவன். அப்பிடித்தான் உயிர் தப்பினனான்.’

‘இதை ரைமுண்டோவிடம் சொல்லிவிடுவோம். சொல்லை மாற்றச் சொல்லுவோம்’ என்றேன்.

‘ஐயோ, வேண்டாம். விசரன் எண்டு நினைச்சு வராதை எண்டிடும் அந்தாள். எனக்கு இந்த இடம் வேணும்.’

சொல்வதா விடுவதா என்று அந்த வாரம் முழுவதும் எண்ணிப் பார்த்தேன். சொன்னால் ஒரு மனிதரின் நம்பிக்கையை உடைப்பேன். சொல்லாவிட்டால் அவர் மறுபடியும் மூச்சிழக்கலாம். சொல்லிவிடுவது என்றே முடிவெடுத்து அடுத்த சனிக்கிழமை போனேன். ஆனால் ரைமுண்டோ முந்திக்கொண்டார். வகுப்புக்கு முன் எங்கள் இருவரையும் இருத்தி, கோப்பி ஊற்றித் தந்து, தன் கை நடுங்கியது ஏன் என்று சொல்லத் தொடங்கினார்.

எட்டாவது வருடத்தில் அவருக்கு எதிராக மேடையேறியவன் ஜோவாக்கிம் என்ற, பாண் சுடும் வெதுப்பகத் தொழிலாளி. தகரக் கொட்டகை. சனங்கள் தகரத்தில் அடித்துக் கூச்சலிட்டார்கள். அதே சிங்கக்கொல்லிப் பிடி. ஜோவாக்கிம் தட்டினான். மூலையில் நின்ற மருந்துக்கடைக்கார ஆசான் ‘ஸோல்தா! ஸோல்தா!’ என்று கத்தினாராம். சத்தத்தில் கேட்கவில்லை என்றார் ரைமுண்டோ. ஜோவாக்கிம் சாகவில்லை. ஆனால் அதன் பிறகு அவனுக்குப் பேச்சுச் சரியாக வரவில்லை. கரண்டியைப் பிடிக்கவும் கை ஒத்துழைக்கவில்லை. ஞாயிறுதோறும் ரைமுண்டோ அவன் வீட்டுக்குப் போய் உணவு ஊட்டிவிட்டார். இரண்டு வருடத்தின் பின் ஜோவாக்கிமின் தாய், ‘உன்னைக் கண்டால் அவன் மூச்சு மாறுகிறது, இனி வராதே’ என்றார். அதோடு ரைமுண்டோ சண்டைகளை விட்டுவிட்டு, ஒரு கப்பலில் சமையலறை உதவியாளாக ஏறி, மொன்றியல் துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பிப் போகவேயில்லை. அந்தச் சண்டை இன்றும் அவருடைய வெற்றியாகத்தான் பதிவில் இருக்கிறதாம்.

‘தட்டாதவனை நான் பாயில் வைத்திருக்க முடியாது’ என்று முடித்தார். ‘அவன் மற்றவனை ரைமுண்டோ ஆக்கிவிடுவான்.’

இதைக் கேட்ட பிறகு அந்தச் சொல்லை மாற்றும்படி அவரிடம் எப்படிக் கேட்பது? அவர் முப்பது வருடங்களாக அதை ஒரு மண்டபம் முழுவதையும் கொண்டு கத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்குக் கொலைச் சொல்லாக இருப்பதுதான் மற்றவருக்குப் பாவமன்னிப்பாக இருந்தது. நான் இருவரையும் மதித்து மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்துக்கு மரியாதை என்று பெயரிட்டுக்கொண்டேன். இன்று அதை அப்படி அழைக்க மாட்டேன்.

அன்ரன் அண்ணை தட்டப் பழகினார். எப்படியென்றால், சொல் வருவதற்கு முன்பே, கை கழுத்தைத் தொட்டதுமே தட்டிவிடுவார். ‘மழை இருட்டேக்கையே குடை பிடிக்கிற ஆள் நான்’ என்று தன்னையே நக்கலடிப்பார். லுக் அவருக்கு ‘தட்டச்சுக்காரர்’ என்று பட்டப்பெயர் வைத்தார். ஆனால் அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் தொடுகைக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு மூச்சு, பிறகு இரண்டு மூச்சு, என்று இடைவெளி வளர்ந்தது. ஒருநாள் றீற்றா அக்கா மாடிப்படியில் என்னை மறித்து, ‘நேற்று ஷெரின் பின்னால போய் இவற்ர தோளில ஏறினவள், தம்பி. இவர் கையை ரண்டு தொடைக்குக் கீழயும் வைச்சுக்கொண்டு சிலைமாதிரி இருந்தவர்’ என்று சொல்லி அழுதார்.

அந்த நல்ல நாட்களில்தான் அன்ரன் அண்ணை கேட்கக் கூடாததைக் கேட்டார். பாய் மடிக்கும்போது, ‘கேட்டுச் சொல்லுங்கோ தம்பி. அண்டைக்கு அந்தச் சத்தம் அந்தாளுக்கு உண்மையாக் கேக்கேல்லையோ?’ என்றார். நான் கேட்டேன். ரைமுண்டோ பாயின் ஓரத்தை நேராக்கினார். நேராக இருந்ததை மறுபடியும் நேராக்கினார். பிறகு பிரெஞ்சில் இரண்டே சொல் சொன்னார். அதை மொழிபெயர்க்க முன்னர் நான் தயங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தவன் நான்; இன்னொன்று வேண்டாம் என்று உள்ளதையே சொன்னேன்.

‘கேட்டதாம்.’

‘கேட்டும் விடேல்லையோ?’

அதையும் ரைமுண்டோவிடம் கேட்டுச் சொன்னேன்: ‘நாலு மூச்சு. சனம் கத்திக்கொண்டிருந்ததாம்.’

அன்ரன் அண்ணை மடித்த பாயை மெல்லக் கீழே வைத்தார். ‘என்ர கழுத்தைப் பிடிச்சவனும் இப்ப எங்கையோ ஒரு ஊரில ஆருக்கோ நல்லது பழக்கிக்கொண்டிருப்பான், என்ன?’ என்றார். ரைமுண்டோ என் முகத்தைப் பார்த்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இனி அன்ரன் அண்ணை வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவரே என் கதவைத் தட்டினார். ‘செய்தனான் எண்டு சொன்ன ஒருத்தனை இப்பதான் முதல்தரம் கண்டிருக்கிறன். பஸ் வரப்போகுது, வாங்கோ.’

பிறகு போரின் கடைசி மாதங்கள் வந்தன. அவற்றை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். இங்கே நாங்கள் பனியில் பதாகை பிடித்து நின்றோம். கடந்து போனவர்களில் சிலர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சிலர், எந்தக் கடையின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அன்ரன் அண்ணையின் தம்பி யூட் அந்தக் கடைசி நாட்களில் சரணடைந்தார். தாயார் பக்கத்தில் நின்று, மகன் பேருந்தில் ஏறுவதைத் தன் கண்ணால் கண்டிருக்கிறார். அதன் பின் செய்தி இல்லை. தாயார் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக வாசலில் நின்றார். தொலைபேசியில், ‘விடுங்கோ எண்டுதான் கேக்கிறன், மோனை. வேற என்னத்தைக் கேக்க?’ என்றாராம். ஷெரின் மறுபடியும் அறையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.

மூன்று சனிக்கிழமைகள் அன்ரன் அண்ணை வரவில்லை. நான்காவதில் வந்தார், சவரம் செய்யாத முகத்தோடு. நான் ரைமுண்டோவிடம் தம்பியின் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். அவர் வேறெவரையும் அன்ரன் அண்ணையோடு சேர்க்கவில்லை. தானே அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி அமர்ந்து, கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார். அன்று அது பயிற்சியாக அல்ல, ஆறுதலாகவே எனக்குப் பட்டது. அன்ரன் அண்ணை பின்னாலிருந்து கையைச் சுற்றினார். பிடி சரியாக விழுந்தது. ரைமுண்டோ தட்டினார்.

பிடி தளரவில்லை.

ரைமுண்டோ மறுபடியும் தட்டினார், இம்முறை வேகமாக. மண்டபத்தில் இருந்த எல்லோரும் வழக்கப்படி கத்தினார்கள்: ‘ஸோல்தா!’ அன்ரன் அண்ணையின் கை இறுகியது. ‘ஸோல்தா! ஸோல்தா!’ லுக் ஓடிவந்து அவருடைய தோளைப் பின்னாலிருந்து பற்றினார். கை இன்னும் இறுகியது. கூட்டம் கத்தக் கத்த அந்தக் கை இறுகுவதை அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான் விளங்கிக்கொண்டேன். ரைமுண்டோவின் உள்ளங்கை பாயில் தட்டிக்கொண்டிருந்தது; ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிட மெல்லியதாக இருந்தது. நான் சப்பாத்தோடு பாயில் ஏறி, லுக்கை இழுத்து எறிந்துவிட்டு, அன்ரன் அண்ணையின் முகத்துக்கு நேரே குனிந்து கத்தினேன்:

‘அண்ணை, விடுங்கோ! விடச் சொல்லித்தான் கத்துகினம்! விடுங்கோ!’

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. கை திறந்தது.

ரைமுண்டோ முழங்காலில் நின்று நெடுநேரம் இருமினார். கண்ணின் வெண்மையில் இரத்தப் புள்ளிகள் தெரிந்தன. அன்ரன் அண்ணை சுவரோரம் போய், முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தார். தண்ணீர் குடித்த பிறகு ரைமுண்டோ, ‘நீ என்ன கத்தினாய்?’ என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். முகாமை, சொல்லடாவை, முதல் நாள் அன்ரன் அண்ணை கண் திறந்து கேட்ட கேள்வியை, நான் சொன்ன பொய்யை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

‘இது உனக்கு ஒரு வருடமாகத் தெரியும்.’

‘தெரியும். அந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு முக்கியமென்று...’

‘மரியாதையால் ஒரு மனிதனைக் கொல்லலாம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது’ என்றார், கரகரத்த குரலில். அதில் பாதி நக்கல். மற்றப் பாதியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். பிறகு அவர் தவழ்ந்து போய் அன்ரன் அண்ணைக்குப் பக்கத்தில் அமர்ந்தார். ‘இவனுக்குச் சொல். கேட்டதும் விட்டான். நான் விடவில்லை.’ நான் சொன்னேன். அன்ரன் அண்ணை முகத்திலிருந்து கையை எடுக்காமலே, ‘தமிழில சொன்னதாலதான் கேட்டது’ என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ரைமுண்டோ, உங்கள் மொழியில் அந்தச் சொல் என்ன என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை முதல் அந்த மண்டபத்தில் ஸோல்தா இல்லை. முப்பது வருடச் சொல்லை அவர் ஒரே வாரத்தில் கைவிட்டது எங்ஙனம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ‘விடு’ என்று சொல்லப் பழக்கினார். ஆனால் பிரெஞ்சு நாக்குக்கும் போர்த்துக்கேய நாக்குக்கும், உரக்கக் கத்தும்போது, அந்தச் சிறிய இகரம் நிற்கவில்லை, இழுபட்டு நீண்டுவிட்டது. ‘வீடு! வீடு!’ என்று பத்துப் பேரும் கத்தினார்கள். நான் திருத்தப் போனேன்.

‘விடுங்கோ, தம்பி’ என்று அன்ரன் அண்ணை என்னைத் தடுத்தார். ‘அவங்கள் அப்பிடியே கத்தட்டும். எனக்கு விளங்குது.’

யூட்டைப் பற்றி இதை எழுதும் வரை ஒரு செய்தியும் இல்லை. தாயார் இன்னும் வாசல்களில் நிற்கிறார். அவர் அந்தச் சொல்லைப் பிழையின்றித்தான் உச்சரிக்கிறார். சென்ற சனிக்கிழமை றீற்றா அக்காவுக்கு வேலை இருந்ததால் ஷெரினை மண்டபத்துக்குக் கூட்டி வந்தோம். பாயோரம் வாங்கில் என் பக்கத்தில் கால்களை ஆட்டிக்கொண்டு இருந்தாள். நடுவில் அவளுடைய தகப்பன் ரைமுண்டோவின் கழுத்தைப் பூட்ட, ரைமுண்டோ தட்ட, மண்டபமே ‘வீடு!’ என்று அதிர, அந்தக் கணமே அன்ரன் அண்ணையின் கைகள் விரிந்தன.

‘மாமா, ஏன் இவை வீடு வீடு எண்டு கத்துகினம்?’ என்று அவள் கேட்டாள்.

‘விட்டால்தானே வீட்டை போகலாம்’ என்றேன்.

அவள் கால்களை ஆட்டுவதை நிறுத்தினாள். ‘எந்த வீட்டை?’ என்றாள்.

பாயின் நடுவே ரைமுண்டோ மறுபடியும் திரும்பி அமர்ந்து கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்வேன் என்று பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.